இரண்டு விரற்கடை குறைவு

மார்ச் 9, ஞாயிறு

வண்டியைச் சவரிமுத்துவின் பட்டறையில் விட்டேன். பதினேழு வருடப் பிக்கப். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டைச் சுற்றி ஓடுகிற வண்டி. நாற்றுகள் இதுவரை புகார் சொன்னதில்லை.

சவரி பள்ளியில் என்னோடு படித்தவன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“என்ன மாப்ள, திடீர்னு வண்டி மேல பாசம்?”

“மெத்துன்னு போகணும்டா.”

“இது லோடு வண்டி. காலியா ஓட்டுனா உதைக்கத்தான் செய்யும். மெத்துன்னு போகணும்னா மெத்த வாங்கிப் போட்டு உக்காரு.”

காரணத்தைச் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி அடியில் படுத்தான்.

ஏப்ரல் 20 என் மனைவிக்கு வளைகாப்பு. மறுநாள் தமயந்தியை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். தாண்டிக்குடிக்கும் மேலே. கடைசி மூன்று கிலோமீட்டர் கல் பாதை. கார் ஏறாது. ஜீப் ஏறும், அதில் போனால் உடம்பில் எத்தனை எலும்பு என்று தெரிந்துகொள்ளலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதில் பேச்சுக்கு இடமில்லை. என் பக்கம் ஆளும் இல்லை. அம்மா இறந்து பத்து வருடம். அப்பா திருப்பூரில் அண்ணனோடு.

ஆறு வாரம் இருக்கிறது.

போன ஆடி மாதத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அளவு வேண்டும். ‘மெத்தென்று’ என்பது அளவு அல்ல. இரண்டு வருடம் தத்துவம் படித்ததில் மிஞ்சியது இந்த ஒரு பிடிவாதம்தான்.

முறை: பித்தளைச் சொம்பில் கழுத்து வரை தண்ணீர். பக்கத்து இருக்கையில் பிரிமணை வைத்து, அதன்மேல் சொம்பு. எங்கள் நாற்றுப்பண்ணை வாசலிலிருந்து வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்புவது. ஐந்து கிலோமீட்டர், பதினொரு வேகத்தடை, எண்ணாத பள்ளங்கள். திரும்பியதும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது.

அளப்பது தமயந்தி. வாசலில் நின்று சொம்பை வாங்கிக்கொள்கிறாள். நான் வண்டியைக் கொட்டகைக்குள் பின்னெடுத்து நிறுத்திவிட்டு வருவதற்குள் விரலை விட்டு அளந்துவிடுகிறாள். ஸ்கேல் கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

“நாலு வெரக்கட குறையுது.”

“சரியாப் பாத்தியா?”

“வெரல் என்னோடது. தண்ணி உங்களோடது. நீங்களே வேணா பாருங்க.”

பார்த்தேன். நாலு.

“நான் ஏறி உக்காந்து சொல்லிற மாட்டேனா? சொம்பு எதுக்கு?”

வேண்டாம் என்றேன். எட்டு மாதமாக அவளை இந்த வண்டியில் ஏற்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போகிறோம். பத்து நிமிடம்.

மார்ச் 16, ஞாயிறு

நான்கு சக்கரத்துக்கும் புது ஷாக். பழையதைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னான் சவரி. அமுங்கியது, திரும்பி வரவில்லை. “செத்துப் பல வருசம் ஆச்சு மாப்ள. நீ பொணத்த மாட்டிக்கிட்டு ஓட்டியிருக்க.”

குறைவு: மூன்று.

மார்ச் 18, செவ்வாய்

வெயில். நிழல்வலைக்குள்ளேயே முப்பத்தெட்டு டிகிரி. மூன்று.

மார்ச் 21, வெள்ளி

ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றித் துரு சுரண்டி, இடையிடையே கிரீஸ் தடவினோம். தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினோம். தடவியது நான். சவரி டீ குடித்துக்கொண்டு வேலை வாங்கினான்.

“எம்.ஏ. படிச்ச கையி. நல்லாத் தடவு. அங்க விட்டுட்ட பாரு.”

டயர் காற்றையும் குறைத்தோம். போகும்போதே வித்தியாசம் தெரிந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம்.

“ரெண்டு” என்றாள்.

“அவ்வளவுதானா? இன்னும் கம்மியா இருக்கும்னு நெனச்சேன்.”

“நீங்க நெனச்சா தண்ணி கேக்குமா?”

மார்ச் 23, ஞாயிறு

அத்தை தொலைபேசியில். தெற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாராம். தொட்டிலுக்குப் பழைய பருத்திச் சேலை இரண்டு துவைத்து வைத்திருக்கிறாராம். “வண்டி சரியாயிருச்சா மாப்ள?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தமயந்தி போனை வாங்கிக்கொண்டாள்.

“இன்னும் ஆகலம்மா. தண்ணி சிந்துது. இவரு பாத்துக்கிட்டே இருக்காரு. ஆமா. சிந்துனா எப்படிம்மா வர்றது?”

போனை வைத்துவிட்டு விதை ஊன்றப் போனாள். ஒரு தட்டில் தொண்ணூற்றெட்டுக் குழி. ஒரு குழிக்கு ஒரு விதை. அவள் விரல் தவறுவதில்லை.

மார்ச் 26, புதன்

வாசலில் இருக்கும் கறிவேப்பிலைக் கன்று துளிர்த்திருக்கிறது. மாசியில் காய்ந்துபோய்விட்டது என்று பிடுங்க நினைத்தது. செடிகளுக்கு அவற்றின் நியாயம்.

இரண்டு.

மார்ச் 30, ஞாயிறு

என் யோசனை: பின்பக்க ஸ்பிரிங்குக்கு ஆறு பட்டை இருக்கிறது. ஒன்றை உருவிவிட்டால் என்ன?

“உருவலாம். லோடு ஏத்துனா உக்காந்துரும்.”

“அன்னைக்கு லோடு இல்லடா. ரெண்டு பேருதான்.”

“மூணு பேரு” என்றான் சவரி.

உருவினோம். வண்டி படகு மாதிரி மிதந்தது. வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வாசலில்: இரண்டு.

புரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

தென்னை நார்க்கழிவு நாற்பது மூட்டை ஏற்றி வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு மேலே போய் இடித்தது. டங். டங். ரயில்வே கேட் பக்கம் இரண்டு மூட்டை துள்ளிக் கீழே விழுந்தது. பின்னால் வந்த பஸ்காரர் சன்னலில் தலையை நீட்டி என் பரம்பரையை விசாரித்தார்.

சவரி உருவிய பட்டையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். “வருவேன்னு தெரியும்” என்றான். திரும்ப மாட்டினோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மதியம் தமயந்தி நிழல்வலைக்குள் முக்காலியில் உட்கார்ந்து வயிற்றிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வரிசையின் மறுபக்கம் இருந்தது அவளுக்குத் தெரியாது.

“உங்கப்பா இன்னைக்கும் ஸ்பிரிங்கக் கழட்டப் போறாரு. நீ பயந்துறாத. நல்ல மனுசன்தான். சொன்னாப் புரியாது, அம்புட்டுதான்.”

என்ன சொன்னாள், எது புரியவில்லை? நினைவு எட்டும் வரை தேடிப் பார்த்தேன். என்னிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதுரையிலிருந்து சவரி வரவழைத்த புது ஸ்பிரிங் கட்டு வந்தது. பட்டைகள் நீளம், நடுவில் தடித்து நுனியில் மெலிசு, எண்ணிக்கை குறைவு. லோடும் தாங்கும் என்றான். ஒன்றோடொன்று உரசாது. மாட்ட அரை நாள்.

இம்முறை சவரியும் வந்தான். சொம்பை மடியில் வைத்துக்கொள்ளாமல் பிரிமணையிலேயே விட்டு, கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தான், ஏதோ முட்டை பொரியப்போகிறது போல. பாலத்தில் திரும்பி, பதினொரு வேகத்தடையும் தாண்டி, பட்டறை வாசலில் இறங்கினான்.

“சொட்டு சிந்தல மாப்ள. கழுத்து அப்படியே நிக்குது. போயி தங்கச்சிகிட்டக் காட்டு. இன்னைக்கு எனக்கு அங்க கறிச்சோறுன்னு சொல்லு.”

பட்டறையிலிருந்து பண்ணை ஒரு கிலோமீட்டர். தார் ரோடு. பள்ளம் இல்லை.

தமயந்தி சொம்பை வாங்கிக்கொண்டாள். நான் வண்டியைப் பின்னெடுத்து நிறுத்தினேன். திரும்பி வந்தேன்.

“ரெண்டு வெரக்கட குறையுது” என்றாள். முகம் சாதாரணமாக இருந்தது.

கறிவேப்பிலைக் கன்றின் அடியில் மண் ஈரம். பதினேழு இலைக்காம்பு. எண்ணினேன்.

இரண்டு. எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

பாலத்தில் நிறுத்திப் பார்த்தேன்: கழுத்து வரை. வாசலில்: இரண்டு.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டு. “பரவால்ல, இன்னும் பத்து நாள் இருக்கு” என்றேன். என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

கன்றின் அடியில் இருந்த ஈரத்தைப் பற்றிச் சவரியிடம் சொல்லவில்லை. கறிச்சோறு போட்டோம். இன்னும் இரண்டு குறைகிறது என்று கேட்டதும், அவன் வேலையைத்தான் குறை சொல்கிறோம் என்று நினைத்து, இரண்டாவது தடவை சோறு வாங்க மறுத்துவிட்டான். அது மட்டும் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 12, சனி

இன்று சோதனைக்குப் போகவில்லை. சாயங்காலம் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து நானே கன்றுக்கு ஊற்றினேன். தமயந்தி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பத் தெரியும்?”

“செவ்வாக்கிழமை.”

“அப்புறம் எதுக்கு மூணு நாளா நோட்டுல எழுதுனீங்க?”

“நீ சொன்ன. எழுதுனேன்.”

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கு மேல போக வேணாங்க. இங்கேயே இருக்கேன். பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி.”

“அத்தைகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“என்னன்னு சொல்ல? அம்மா வெள்ளையடிச்சு வச்சிருக்கு. போன தடவ நடந்தது அது வீட்டுலன்னு இன்னைக்கும் ராத்திரி தூங்காம கெடக்கு. இப்ப நான் வர மாட்டேன்னா, ‘உன்ன நம்பி வர மாட்டேன்’னு மொகத்துக்கு நேரா சொன்ன மாதிரி. வண்டி சரியில்லன்னா யாருக்கும் வருத்தமில்ல.”

வண்டியைத் தவிர, என்று நினைத்தேன்.

ஆகவே எழுதுகிறேன்.

போன ஆடியில் வழக்கப்படி அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் மாதம். பதினொன்றாம் நாள் போன் வந்தது. நான் மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம். கல் பாதையில் அவளை இந்த வண்டியில் கீழே கொண்டுவந்தேன். பக்கத்து இருக்கையில் மடங்கிப் படுத்திருந்தாள். வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் உதைத்தது. ஒவ்வொரு உதையையும் எண்ணினேன். நானூற்றுச் சொச்சம் வரை. பிறகு எண்ண முடியவில்லை.

குழந்தை தங்கவில்லை.

அன்று முதல் நான் எண்ணிக்கொண்டிருப்பது அதைத்தான். இதைச் சொன்னேன் அவளிடம். வாய்விட்டு, முதல் முறை.

“கிறுக்கா உங்களுக்கு?” என்றாள். “போன் பண்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. டாக்டரம்மா ஒங்க எதுக்கதான் சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நீங்க அன்னைக்கு எதையுமே காதுல வாங்கல. வண்டிச் சாவியையே பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“அப்ப வண்டி…”

“வண்டி என்னயக் கீழ கொண்டாந்துச்சு. அம்புட்டுதான் அது பண்ணுச்சு. எனக்குப் பயம் வண்டியில்ல. நீங்க வர்ற வரைக்கும் அந்த ரெண்டு மணி நேரம் இருக்குல்ல, அதுதான்.”

கொட்டகையில் வண்டி நின்றது. அதன் பக்கம் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அத்தையிடம் யார் சொல்வது?

“நீங்க.”

“உங்கம்மா.”

“ஒங்க அத்த.”

நான்.

ஏப்ரல் 17, வியாழன். மேலே, அத்தை வீட்டில்

தனியாக வந்தேன். வளைகாப்புக்கு அழைத்துப்போக என்று போனில் சொல்லியிருந்தேன். பழக்கத்தில் சொம்பையும் நிரப்பி வைத்துக்கொண்டேன். தார் ரோட்டில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கல் பாதையில் காலி வண்டி, புதுப் பட்டை போட்டும், ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. ஒரு விரற்கடை போயிற்று.

அத்தை காப்பி கொடுத்தார். வீட்டுக் கொட்டை, வீட்டில் வறுத்தது. சுண்ணாம்பு அடித்த அறையைக் காட்டினார். உத்தரத்தில் தொட்டில் கொக்கிக்குப் புதுக் கயிறு. சன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது, அவரே அடித்தது, ஆணி கோணல். நான் எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாவது காப்பி வந்தது. அதையும் குடித்தேன்.

வழியனுப்புகிற மாதிரி வண்டிப் பக்கம் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இது நான் குடுத்த சீர்ச் சொம்புல்ல? வண்டிக்குள்ள என்ன பண்ணுது?”

சோதனையை விளக்கினேன். பிரிமணை, பாலம், பதினொரு வேகத்தடை. விளக்கும்போது எனக்கு எப்போதும் உற்சாகம் வந்துவிடும்.

“இப்பவும் சிந்துதா?”

“இல்ல அத்தை. எங்க ரோட்டுல இப்பச் சிந்துறதே இல்ல. அவதான் கொட்…”

நின்றுவிட்டேன். நின்றது சொன்னதைவிட மோசம்.

அத்தை மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். கால் மணி நேரம் நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

“அந்த ரெண்டு மணி நேரமா மாப்ள?”

“ஆமா அத்தை.”

“அவ கையப் புடிச்சுக்கிட்டு நாந்தான் உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாதா? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல கழுத.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நானும் இங்க வேணாம்னுதான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். வாய்விட்டுச் சொன்னா, தாய்க்காரி தட்டிக் கழிக்கிறான்னு ஆகிரும். ஒங்க வீட்டுல பொம்பளத் தொணையும் இல்ல.”

“நீங்க வந்துருங்க அத்தை. மூணு மாசம். எங்க கூட.”

“பொண்ணு குடுத்த வீட்டுல போயி உக்காந்து சாப்புடுறதா? நல்லா இருக்கே கத. எங்க வகையறாவுல அப்படி ஒருத்தியும் செஞ்சதில்ல.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரவுச் சோறு போட்டார். வெள்ளையடித்த அறையில் பாய் விரித்துக் கொடுத்தார். சுண்ணாம்பு வாசனையில் இதை எழுதுகிறேன். தோற்றுவிட்டுத் திரும்பப்போகிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

விடியும்போது ஏதோ விழுகிற சத்தத்தில் எழுந்தேன். வெளியே வந்தால் அத்தையும் பக்கத்து வீட்டுக்காரரும் என் வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

விறகு. பிறகு அரிசி மூன்று மூட்டை. வெந்நீர் போட அண்டா. கயிற்றுக் கட்டில். அம்மி, குழவியோடு. மலைவாழை இரண்டு தார். பருப்பு, புளி, மிளகு, சுக்கு, வேப்பெண்ணெய் டின். ஒரு சாக்கு நிறையக் காப்பிக் கொட்டை. காலைக் கட்டிய கோழி நாலு. மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டாயிற்று.

“அத்தை, விறகு எதுக்கு? எங்க வீட்டுல கேஸ் இருக்கு.”

“பெத்தவளுக்கு வெந்நி வெறகுலதான் காயணும். ஒங்கூரு வெறகு பொகையும்.” இடுப்பில் கை வைத்து நின்றார். “நல்லாக் கேட்டுக்கங்க. எஞ்சோறு, எங்கட்டிலு, எம்வெறகு. ஒங்க வீட்டுல தண்ணியும் காத்தும்தான் எடுத்துக்குவேன். யாரும் ஒரு பேச்சுப் பேச முடியாது.”

“சரி அத்தை.”

“கோழி ஒங்களுக்கும் சேத்துத்தான்.”

ஆயிரம் கிலோவுக்குக் குறையாது. ஏப்ரல் முதல் தேதியின் டங் டங் நினைவுக்கு வந்தது. கல் பாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன்.

வண்டி உதைக்கவில்லை. பட்டைகள் பாரத்தில் அமர்ந்து, வளைந்து, கல்லை வாங்கி உள்ளேயே வைத்துக்கொண்டன. சவரி முதல் நாளே சொன்னது. ஆறு வாரம் நான் வேறெதையோ அளந்துகொண்டிருந்தேன்.

அத்தை புறப்படுமுன் சொம்பில் புதுத் தண்ணீர் பிடித்து, கழுத்து வரை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அதைப் பார்க்கவே இல்லை. வளைவு வளைவாக, எந்தத் தோட்டம் யாருடையது, யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். பட்டிவீரன்பட்டி தாண்டியதும், “வண்டி நல்ல வண்டிதான் மாப்ள” என்றார். “நீங்கதான் அத ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தீங்க.”

சவரியின் பட்டறையைக் கடக்கும்போது அவன் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து ரோட்டுக்கே ஓடி வந்தான். “சொன்னேன்ல, காலியா ஓட்டுனாத்தான் உதைக்கும்னு சொன்னேன்ல” என்று கத்தியது கோழிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

வாசலில் தமயந்தி நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், விறகைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

அத்தை இறங்கவில்லை. சன்னல் வழியே சொம்பை நீட்டினார்.

“அளந்து சொல்லுடி.”

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அவள் சொம்பை வாங்கி, விரலை விட்டாள். விரல் கணுவரை நனைந்தது.

“குறையலம்மா” என்றாள்.

“அப்பக் கொட்டிரு. கன்னு காயுது பாரு.”

இறக்கி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. விறகை அடுக்கியபின் காலி வண்டியைக் கொட்டகைக்குள் பின்னெடுத்தேன். வாசல் மேட்டில் ஏறும்போது உதைத்தது.

உதைக்கட்டும்.